மூடி வைத்த லப்டொப்பில் பற்றரி இறங்குவது பற்றிய முறைப்பாடு

விசுவமடு,
முல்லைத்தீவு மாவட்டம்.

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

ஐயா / அம்மணி,

விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறேன். பக்கவாட்டுக் கார்ட்டுகளை (வயர் செருகும் வாய் உள்ள, கழற்றிப் பூட்டும் சிறு துண்டுகளை) மாற்றிப் போடலாம் என்பதற்காகவே உங்கள் லப்டொப்பை வாங்கினேன். புரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ., மவுசுக்கு யூ.எஸ்.பி.-ஏ, மற்ற இரண்டும் யூ.எஸ்.பி.-சி. லினக்ஸில் ஓடும் என்று சொல்லி விற்றீர்கள். ஓடுகிறது, குறை சொல்லவில்லை. மூடி வைத்தால்தான் பிரச்சினை.

இரவு 10 மணிக்கு முழுச் சார்ஜோடு சஸ்பென்ட் செய்து (உறக்கத்தில் வைத்து) மூடினால், காலை 6 மணிக்கு 69 வீதம் இருக்கிறது. இரண்டு வகுப்புக்குப் போதுமான பற்றரி முதல் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

முதலில் லினக்ஸ் மீதுதான் சந்தேகப்பட்டேன். சரி பார்ப்போமென்று ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் கார்ட்டுகளை மாற்றி வைத்துப் பார்த்தேன். யூ.எஸ்.பி.-சி மட்டும் இருந்த இரவில் 5 வீதம் இறங்கியது. யூ.எஸ்.பி.-ஏ சேர்ந்தபோது 12. எச்.டி.எம்.ஐ. கார்ட்டும் சேர்ந்தால், அதில் வயர் எதுவும் செருகாமலே, 31. எச்.டி.எம்.ஐ. இருந்த அந்த இரவுகளில் புரொசஸர் சிப் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்த நேரம், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் கணக்கில் சைபர்.

பரந்தன் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது லப்டொப் பைக்குள் தானாக எழும்பிச் சூடானதும் உண்டு. அது மவுசின் வேலை. குலுக்கலில் அது அசைந்து எழுப்பியிருக்கிறது. எழுப்பும் அனுமதியை நானே நிறுத்திவிட்டேன். அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

கோபம் வந்தது உங்கள் பதில்களைப் பார்த்துத்தான். "எஸ்3 உறக்கத்துக்கு மாற்றுங்கள்" என்றீர்கள். எஸ்3 என்றால் நினைவகம் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும் உறக்கம். ஆனால் லப்டொப்பில் கிடைக்கும் உறக்க வகைகளைக் காட்டும் மெம்-ஸ்லீப் கோப்பில் எஸ்2ஐடில் (இலேசான உறக்கம்) என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. உங்கள் பயோஸ் (லப்டொப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) தராத எஸ்3யை நான் எங்கே போய்த் தேடுவது? அப்புறம், "மூடுமுன் கார்ட்டுகளைக் கழற்றி வையுங்கள்" என்று எழுதினீர்கள். தீப்பெட்டியளவுக் கார்ட்டைத் தினமும் பொக்கற்றில் போட்டுக்கொண்டு திரிந்தால், ஒருநாள் வீதிப் புழுதியில்தான் அதைத் தேட வேண்டிவரும்.

உறக்கத்தில் மின்சாரம் இழுக்காதபடி திருத்திய எச்.டி.எம்.ஐ. கார்ட் இருந்தால் மாற்றித் தாருங்கள். ஃபேர்ம்வெயரில் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) சரிசெய்யலாம் என்றால், லினக்ஸிலிருந்தே ஏற்றும் வழியோடு அனுப்புங்கள். இதற்காக விண்டோஸ் போடச் சொல்லாதீர்கள். இரண்டும் முடியாவிட்டால் கார்ட்டின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஏழு இரவுகளின் பதிவும் கேர்னல் லொக்கும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
வாடிக்கையாளர்