செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். தெருநாய்க் கருத்தடை, கோடையில் வைத்த தண்ணீர்த் தொட்டிகள், தத்துக் கொடுத்த விவரம் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. போன வருடம் போலத்தான் நடந்தன. இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே ஒரு பூனைக்குட்டியைப் பற்றியது. "ஒரு குட்டிக்கு இத்தனை செலவா?" என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஐப்பசி அடைமழையில், காய்கறிச் சந்தைக் கால்வாய் ஓரம் கிடந்தது என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கண் திறந்திருந்தது, இரண்டு வாரத்தை நெருங்கியிருக்கும். 200 கிராமை ஒட்டி இருக்க வேண்டிய குட்டி, 108 கிராம்தான் இருந்தது. பிறந்த அன்றே குட்டிகள் 100 கிராம் இருக்கும். பதிவேட்டில் எழுதிய எடையையே நம் விலங்குக் காப்பகத்து அக்கா பெயராக்கிவிட்டார்: நூத்தியெட்டு. நாங்கள் ஆம்புலன்சைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை பதறி ஓடிவந்தார்.

முதல் தவறு என்னுடையது. குட்டி வந்ததும் பசும்பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். உடம்பு சில்லிட்டுப்போன குட்டிக்கு எதைப் புகட்டினாலும் செரிக்காது. முதலில் சூடு, அப்புறம்தான் பால். அதுவும் பசும்பால் ஆகாது, வயிற்றால் போகும். தெர்மாகோல் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி வைத்தோம். சூடு தாளாவிட்டால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலி. பல்பு போடலாம் என்று சிலர் சொன்னார்கள். மழைக்காலத்தில் நம் தெருவில் கரன்ட்டை நம்பி ஓர் உயிரை விட முடியுமா?

பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுத்தோம். கைக்குழந்தை போல மல்லாக்கப் பிடிக்கக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பது போலக் குப்புற இருக்க வேண்டும். குடித்த பின் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய்ப்பூனை நாக்கால் செய்யும் வேலை அது. இதில் எங்கள் எல்லோரையும்விடக் கைதேர்ந்தவர் இரவுக் காவல்காரத் தாத்தா.

இத்தனை செய்தும் எடை ஏறவில்லை. ஒரு நாளைக்கு 10 கிராமாவது கூட வேண்டும். பதிவேட்டில் 108, 110, 107, 109 என்று இருக்கிறது. நான்காம் நாள் கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து ஈறுகளைக் காட்டினார். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தன. நாங்கள் ஊட்டிய பாலில் ஊறிய இரத்தத்தைத் தெள்ளுப்பூச்சிகள் குடித்துக்கொண்டிருந்தன. நாய்க்குப் போடும் தெள்ளுப் பவுடர் ஒன்று அலமாரியில் இருந்தது. நல்லவேளை, யாரும் தொடவில்லை. அப்படிப்பட்ட பவுடர்கள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து பூனைக்கு விஷம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, உடனே துவட்டி, பொடிச்சீப்பால் ஒவ்வொன்றாக எடுத்தோம். எடைக்கு ஏற்ற அளவில் குடற்புழு மருந்தும் மருத்துவரே கொடுத்தார். ஒரு வாரத்தில் 180 கிராம். தாத்தா கேசரி வாங்கிவந்தார்.

ஐந்தாம் வாரத்தில் வேகவைத்த கோழியை மசித்துக் கொடுத்தோம். தயிர்சாதமே போதாதா என்று ஓர் உறுப்பினர் அன்போடு கேட்டார். போதாது. பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும். அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. நெடுநாள் கிடைக்காவிட்டால் கண் பார்வையே போகும். தடுப்பூசியை எடை தேறும்வரை கொஞ்சம் தள்ளிப் போட்டோம். பங்குனியில்தான் ஒரு கிலோவைத் தாண்டியது. இன்றைக்கும் தன் வயதுப் பூனைகளைவிட ஒரு சுற்றுச் சிறியதுதான்.

சரி, செலவுக்கு வருகிறேன். பெரும்பங்கு பால்பவுடர் டப்பாக்களுக்கும் கிராம் காட்டும் தராசுக்கும் போனது. அதற்கு முன் நம்மிடம் இருந்தது நாய்களை நிறுத்தும் தராசு மட்டுமே. 108 கிராமை முதல் நாள் நிறுத்தது எதிர்த்த நகைக்கடையில். பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். இறந்த குட்டிகளுக்கு நேரே "பலவீனம்" என்று வரிசையாக எழுதியிருக்கிறோம். பாதிக்கு மேல் என் கையெழுத்து. எத்தனை பலவீனம், எத்தனை தெள்ளு, எத்தனை நான் காய்ச்சிய பசும்பால் என்று இப்போது பிரிக்க வழியில்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள். மழைக்காலத்தில் இரவு முறைக்கு ஆறு பேர் பெயர் தர வேண்டும், தாத்தாவுக்கும் வயதாகிறது. பால்பவுடருக்கென்று தனித் தலைப்பில் ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானம் வேண்டும்.

நூத்தியெட்டைப் பார்க்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் அலுவலக அறைக்கு வரலாம். அலமாரி மேல் தட்டில், தணிக்கை முடிந்த ரசீதுக் கட்டின் மேல் தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்