அட்மின் பொறுப்பை ஏற்கப்போகும் நண்பனுக்கு

எண்ணூர்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தூத்துக்குடியிலேயே வேலை அமைந்ததை அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். உங்கள் தெருக்காரர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்கு உன்னை அட்மினாக இருக்கச் சொல்கிறார்கள் என்றும், வேண்டாத செய்தியை நீக்குவதைத் தவிர அதில் என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்றும் கேட்டிருந்தாய். எங்கள் பகுதிக் குழுவைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவன் என்பதால், இதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீக்குவது எளிது. யார் இட்ட செய்தியையும் எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் அட்மின் நீக்கிவிடும் வசதி 2022 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு குழு கெட்டுப்போவது பெரும்பாலும் நீக்கத்தக்க செய்திகளால் நடப்பதில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், மரியாதையான சொற்களாலேயே ஒரு குழுவில் பாதிப் பேரை வாய் திறக்கவிடாமல் செய்துவிட முடியும். அதனால் நான் குழுவைத் திறக்கும்போதெல்லாம், யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு, வழக்கமாகப் பேசுகிறவர்களில் யாருடைய பேச்சைக் கொஞ்ச நாளாகக் காணோம் என்றும் பார்க்கிறேன். அட்மினுடைய வேலையில் முக்காலும் இதுதான் என்பது என் கருத்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு, பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம் எங்கும் படிந்ததை நீயும் செய்திகளில் பார்த்திருப்பாய். அப்போது அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய், படகுகளைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று தொகைகள் வேறுபட்டன. பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. வலை நாசமான வீட்டுக்கும் தரைத்தளத்தில் எண்ணெய் புகுந்த வீட்டுக்கும் இருந்த துன்பத்தை எடைபோட்டு வாதாடினார்கள். நன்றாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள், பத்தி பத்தியாக எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த நேரத்தில்தான், கூடையில் மீன் விற்கிற அக்கா ஒருவர் தம் நிலையைக் குரல்பதிவாகப் போட்டார். ஆற்றில் மீன் இல்லை, இருக்கிற மீனையும் எண்ணெய் வாடை என்று யாரும் வாங்கவில்லை, படகும் இல்லாத வலையும் இல்லாத தன்னைப் போன்ற விற்பனைக்காரப் பெண்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று கேட்டார். அன்றைய விவாதத்தில் யாருமே எழுப்பாத கேள்வி அது. அதற்கு வந்த முதல் பதில், இவ்வளவு நீளமாகப் பேசாமல் புரிகிற தமிழில் எழுதுங்கள் என்பது. அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். அவர் மறுநாள் குழுவை விட்டு விலகினார். அடுத்த சில நாட்களில் மற்றப் பெண்களும் குரல்பதிவு போடுவதை நிறுத்தினார்கள். எந்த விதியும் மீறப்படவில்லை, நீக்குவதற்கு எந்தச் செய்தியும் இல்லை. ஆனாலும் ஊரில் மிக அதிகமாக அடிபட்டவர்களின் குரல் ஊர்க் குழுவில் இல்லாமல் போயிற்று.

நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். "எழுதத் தெரிஞ்சவங்களே பேசிக்கட்டும், எங்களுக்கு எதுக்கு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரைத் திரும்ப அழைப்பதற்கு முன்னால், ஒருவர் பேசும் விதத்தையோ எழுத்துப் பிழையையோ பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்ற விதியைக் குழுவில் அறிவித்தோம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், முக்கியமான குரல்பதிவுகளின் சாரத்தை இரண்டு வரியில் எழுதிப் போடுவதாக ஒப்புக்கொண்டான். ஷிப்டில் இருப்பவர்கள் பதிவைக் கேட்க முடியாது என்பதால் அது எல்லோருக்கும் பயன்பட்டது. அக்கா திரும்பி வந்தார். வந்த பிறகும் முன்போலப் பேசச் சில மாதங்கள் ஆயின. ஒருவரைப் பேசவிடாமல் செய்ய ஒரு நிமிடம் போதும் என்பதை அந்த மாதங்களில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒருவருடைய எண் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. குழுவில் கண்ணியமாக இருக்கும் ஒருவர், அங்கே பார்த்த எண்ணுக்குத் தனியே "சாப்பிட்டாச்சா" என்று தொடங்குவார். இதை ஒரு பெண் என்னிடமோ உன்னிடமோ சொல்லத் தயங்குவார். ஆகவே அட்மின்களில் ஒரு பெண்ணாவது இருந்தே தீர வேண்டும். பெயருக்கு அல்லாமல், மற்றவர்களைக் கேட்காமலே ஒருவரை வெளியேற்றும் உரிமையோடு இருக்க வேண்டும். இத்தகைய புகாரைக் குழுவில் வைத்து விசாரணை நடத்தக் கூடாது. புகார் சொன்னவரின் பெயர் வெளியே வந்துவிட்டால் அடுத்தவர் சொல்லவே மாட்டார்.

வதந்தியைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2018 மே மாதம் எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்படுத்தியது. ஐந்து என்பதும் பெரிய எண்தான். அந்த ஐந்தில் ஒன்று நூற்றுக்கணக்கானோர் இருக்கும் ஊர்க் குழு என்றால் கட்டுப்பாடு எங்கே நிற்கிறது? எங்கள் குழுவில் எந்தப் படம் வந்தாலும், எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, நீங்களே எடுத்ததா என்று மூன்றையும் கேட்கிறோம். பதில் இல்லையென்றால் நீக்குகிறோம். ஒவ்வொரு மழைக்கும் 2015 வெள்ளத்தின் படங்கள் புதிது போல வந்து சேர்கின்றன.

ஆனால் அந்தக் கடுமையை எல்லா நேரத்திலும் ஒரே அளவில் காட்ட முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிந்து மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். குழுவில் செய்திகள் கொட்டின: டேங்க் வெடித்துவிட்டது என்று ஒருவர், அடுத்தது வெடிக்கப் போகிறது என்று ஒருவர். அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிடலாம் என எங்களில் ஒருவர் சொன்னார். அவருடைய கவலையும் நியாயமானதே. நான் வேண்டாமென்றேன். வெடிப்புச் செய்திகளுக்கு நடுவிலேதான், அம்மாவால் நடக்க முடியவில்லை, ஆட்டோ வேண்டும் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். பூட்டியிருந்தால் பொய்யோடு சேர்ந்து அந்த வரியும் நின்றிருக்கும். எனவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் பொய்ச் செய்திகளை மட்டும் நீக்கினார். ஒருவர் குப்பத்தில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் பேசி நிலவரம் அறிந்தார். நான் உறுதியானதை மட்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே வண்டி நிற்கிறது என்பதை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் தூங்காமல் இருக்க மூன்று பேர் இருந்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். ஒரே ஒருவர் அட்மினாக இருக்கும் குழு, அவர் உறங்கும்போது காவல் இல்லாத குழு.

அரசியல் பேசக்கூடாது என்று விதி போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. இங்கே ஆற்றில் கலக்கும் அனல்மின் நிலையச் சாம்பலும் அரசியல், எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கண்டெய்னர் லாரியும் அரசியல், தண்ணீர் லாரி வராததும் அரசியல். அந்த விதி வந்தால் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டுமே மிஞ்சும். நாங்கள் தடுப்பது கட்சிகள் தயாரித்து அனுப்பும் படங்களையும் காணொளிகளையும் மட்டுமே. தன் சொந்தச் சொற்களில் ஒருவர் எந்தக் கட்சியை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். சாதியைச் சொல்லி இழித்துப் பேசினால் எச்சரிக்கை கிடையாது, உடனே வெளியேற்றம். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மற்றபடி ஒரு செய்தியை நீக்கினால், எழுதியவருக்குத் தனியே அழைத்துக் காரணம் சொல். குழுவில் வைத்துக் கண்டித்தால் அவர் தன் மானத்துக்காகச் சண்டை போடுவார். அவருக்கு ஆள் சேரும். எதை, எந்தத் தேதியில், ஏன் நீக்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். உறவினர் என்றால் ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்ற பேச்சு எழும்போது அதைக் காட்ட முடிகிறது. என் மைத்துனரின் பெயரும் அதில் இருக்கிறது.

யாரோ போட்ட பதிவுக்கு உன்மேல் வழக்கு வருமா என்ற அச்சத்துக்கு ஒரு வார்த்தை. அட்மினாக மட்டுமே இருந்தவர் மீது, உறுப்பினர் இட்ட பதிவுக்காகக் குற்றம் சுமத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் அதே கருத்தைச் சொன்னது. ஆனால் நீயே அந்தப் பதிவை ஃபார்வர்டு செய்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே பொறுப்பை ஏற்றுக்கொள், ஆனால் தனியாக ஏற்காதே. இன்னும் இரண்டு பேர் வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே நிபந்தனை வை. உங்கள் பகுதியில் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்களா, இருந்தால் கடைசியாக எப்போது பேசினார்கள் என்று பார்த்து எனக்கு எழுது. பொங்கலுக்கு நீ வரும்போது எங்கள் விதிகளின் நகலைத் தருகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி அவற்றை உட்கார்ந்து மாற்றி எழுதலாம். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள நண்பன்