தழும்பைப் பார்க்க ஒரு விரிவுரையாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிஸ்பேனில் இருக்கும் மருமகன் போன கிழமை ஒரு வேலை விளம்பரம் அனுப்பியிருந்தான். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்று தோல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறதாம், ஆய்வுகூடம், தொடங்குவதற்குக் காசு, கூட வேலைசெய்ய ஆட்கள் எல்லாம் தருகிறார்களாம். "எங்கட கம்பசிலையும் இப்பிடி ஒராளை எடுக்கலாமே மாமா" என்றான். நான் சிரித்தேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உலகத்திலேயே மிகக் கூடுதலாக வருகிற இடங்களில் குயின்ஸ்லாந்தும் ஒன்று, அவர்கள் தேடத்தான் வேண்டும், கறுத்த தோல்காரருக்கு இது எதற்கு என்று நினைத்தேன்.

பிறகுதான் சித்தப்பாவின் கால் ஞாபகம் வந்தது.

1996இல் கிளிநொச்சியில் ஷெல் விழுந்து வீடு எரிந்தபோது அவருக்கு முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த அந்தத் தழும்பு ஓர் ஓரத்தில் வெடித்துப் புண்ணானது. சேற்றுப்புண் என்றார்கள், சீனி வருத்தம் என்றார்கள் (அவருக்குச் சீனியே இல்லை), மாதக்கணக்காக மருந்து கட்டினார்கள். ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற எட்டு மாதம் எடுத்தது. புற்றுநோய்தான், அதற்குள் காலை எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

பழைய தழும்பில் கிளம்பும் இப்படியான புண்ணைப் பற்றி மார்ஜொலின் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1828இலேயே எழுதிவிட்டார், இன்றும் அதற்கு மார்ஜொலின் புண் என்றுதான் பெயர். எல்லாத் தழும்பும் புற்றாவதில்லை, மிகச் சிலதுதான். ஆனால் ஆவதற்குச் சராசரியாக முப்பது வருடம் எடுக்கும். தொண்ணூறுகளில் வெந்தவர்களுக்கு அந்தக் காலம் இப்போது வருகிறது, 2009இல் வெந்தவர்கள் இனி வரப்போகிறார்கள். வன்னியில் தழும்பில்லாத வீடு எத்தனை சொல்லுங்கள். இன்னொன்று, எங்களைப் போன்ற தோலில் மெலனோமா வந்தால் அநேகமாக உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் வரும். 1981இல் இறந்த பொப் மார்லிக்கும் கால்விரலில்தான் தொடங்கியது. வெறுங்காலோடு வயலில் நிற்கிற சனத்தின் உள்ளங்காலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, ஆனால் மருத்துவ பீடம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் 1978இலிருந்து இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தோல் புற்றுநோய்க்கென்று ஒரு விரிவுரையாளர் பதவியை உருவாக்கினால் என்ன? விளம்பரத்தில் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று மட்டும் கேட்காமல், ஒட்டுசுட்டானுக்கும் மாந்தைக்கும் கிளினிக்குக்கு வருவாரா, தழும்புள்ளவர்களைப் பதிந்து வருடாவருடம் பார்ப்பாரா என்றும் கேளுங்கள். கூடவே ஒரு பெண் தாதியும் வேண்டும், எங்கட பெண்கள் தழும்பை மூடித்தான் வைத்திருப்பார்கள். கதிரையும் மேசையும் வாரத்துக்கு இத்தனை விரிவுரை என்று ஒரு நேரசூசியும் மட்டும் கொடுத்தால், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விமானம் ஏறிய மற்றவர்களைப் போல அவரும் போய்விடுவார். வெட்டிய துண்டைப் பார்க்க ஆய்வுகூட வசதி, ஒரு வாகனம், ஐந்து வருடத்துக்காவது நிச்சயமான பணம், இவ்வளவும் எழுத்தில் இருந்தால்தான் ஆள் நிற்கும்.

சித்தப்பா இப்போது பொய்க்காலோடு வயலுக்குப் போய் வருகிறார். மற்றக் காலிலும் ஒரு தழும்பு இருக்கிறது. மாதம் ஒருதரம் டோர்ச் அடித்து நான்தான் பார்க்கிறேன்.

ஒரு வாசகர்,
கிளிநொச்சி.