ஜாரவா காட்டுக்குள் போகாமலே அந்தமானைச் சுற்றலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாத சுற்றுலாச் சிறப்பிதழில் வந்த அந்தமான் கடலோரச் சாலைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். வடக்கு அந்தமானிலுள்ள டிக்லிபூர் வரை போகச் சொன்னது நல்ல விஷயம், நம்மவர்கள் பெரும்பாலும் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றையும் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் விடிவதற்கு முன்னால், ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்கு நுழைவாயிலான ஜிர்காட்டாங் சோதனைச்சாவடி வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டால் காட்டு வழியில் "அதிர்ஷ்டம் இருந்தால் ஜாரவா மக்களையும் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

நான் கூடலூரில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். ஏறி உட்கார்ந்ததும் "இங்க ஆதிவாசிங்க எங்க இருப்பாங்க, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. பணியரும் காட்டுநாயக்கரும் எங்களோடு சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நிற்கிற மனிதர்கள். அவர்களைப் போய் யானை, புலியோடு சேர்த்துக் கேட்கிறார்கள். ஊட்டிப் பக்கம் தோடர் மந்துக்குள், அதாவது அவர்கள் குடியிருப்புக்குள், ஒரு வார்த்தை கேட்காமல் நுழைந்து கிழவிகளின் முகத்துக்கு நேராக செல்போனை நீட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் அப்படி யாரையும் கூட்டிப்போக மாட்டேன், அதனால் வாடகை போனாலும் போகட்டும்.

ஜாரவா மக்கள் மொத்தமே சில நூறு பேர்தான். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோடு அவர்கள் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. 1990-களின் கடைசி வரை வெளியாட்களை அண்டவிடாமல் இருந்தவர்கள், அப்புறம்தான் வெளியே வரத் தொடங்கினார்கள், 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை பரவிவிட்டது. நமக்குப் பழகிப்போன நோய்களை அவர்கள் உடம்பு அதற்கு முன் கண்டதே இல்லை. அவர்களுக்கென ஒதுக்கிய காப்பகத்துக்குள் போகும் சாலையை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் சாலை மூடப்படவில்லை. 2012-இல் ஜாரவா பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொன்ன வீடியோ வெளியாகி உலகமே பேசியது, 2013-இல் நீதிமன்றம் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகளைத் தடுத்தது, பிறகு மறுபடியும் வரிசை கட்டிப் போகிறார்கள். வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது என்று விதி இருப்பது உண்மைதான். ஆனால் எட்டிப் பார்க்கும் ஆசையோடு நூறு வண்டி போனால் விதி என்ன செய்யும்?

சரி, அந்தக் காட்டைத் தொடாமல் டிக்லிபூர் போக முடியாதா என்றால், தாராளமாகப் போகலாம். என் தங்கை குடும்பம் நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருக்கிறது, நாங்கள் போனது கடல் வழியாகத்தான். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் அரசுக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து, ஹேவ்லாக்கில் இறங்கி ஓரிரு நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து ரங்கத் போகும் கப்பலைப் பிடிக்க வேண்டும். சாலைப் பயணத்தை ரங்கத்தில் தொடங்குங்கள், அங்கேயே வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம். ஆம்குஞ்ச் கடற்கரை, தானிநல்லாவில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே போட்டிருக்கும் மரப்பாலம், கத்பர்ட் பே என்று வடக்கே போகப் போக, பல இடத்தில் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே வரும். எங்கள் மலைச்சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஹாரன் அடித்தே பழகிய எனக்கு, அந்தச் சாலையில் எதிரே வண்டி வராத நேரமே அதிகம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

மாயாபந்தரில் ஒரு நாளாவது தங்குங்கள். கர்மாடாங் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும். பக்கத்தில் வெபி என்ற ஊரில் 1925-இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட கரேன் மக்களின் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து ஆஸ்டின் நீரிணையின் மேல் செங்கப்பா பாலத்தைத் தாண்டினால் வடக்கு அந்தமான். டிக்லிபூரில் ஏரியல் பேயிலிருந்து படகில் போனால் ராஸ், ஸ்மித் என்ற இரண்டு தீவுகளைச் சேர்த்துவைத்த வெள்ளை மணல் திட்டு, கடல் ஏறினால் அது முழுகிவிடும், அதனால் ஏற்ற இறக்க நேரத்தைப் படகுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் சேடில் பீக் சிகரம் 732 மீட்டர்தான், தொட்டபெட்டாவில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கடல் மட்டத்திலிருந்து, அந்தப் புழுக்கத்தில் ஏறுவது எங்கள் குளிருக்குப் பழகிய உடம்பை நன்றாகவே வாட்டிவிடும். திரும்பும்போது ஏரியல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல்.

இந்தத் திட்டத்தில், ஜாரவா காட்டு வழியில் போனால் வரும் பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் விட்டுப்போகும். போகட்டும். குகை பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஆந்திராவில் போரா குகை இருக்கிறது, அதற்கு ஜாரவா காட்டை அறுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கப்பல் தினமும் இருக்காது, அட்டவணை மாறும், காற்று பலமாக அடித்தால் ரத்தாகும். அதனால் முன்னும் பின்னும் ஒரு நாளாவது கையில் வைத்துக்கொண்டுதான் விமான டிக்கெட் எடுக்க வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு மழைக்காலம், இந்த வழி அப்போது சரிப்படாது. டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், நம்மூர் நினைப்பில் மதியத்துக்கு மேல் கிளம்பினால் பாதி வழியில் இருட்டிவிடும். அலையாத்திக் கழிமுகங்களில் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால்கூட வைக்காதீர்கள். இந்த எச்சரிக்கை எதுவுமே உங்கள் கட்டுரையில் இல்லை, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதானே முதலில் வேண்டும்?

அடுத்த இதழில் அந்த ஜாரவா வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ரங்கத், டிக்லிபூர் கப்பல் கிளம்பும் நாட்களையும் டிக்கெட் எடுக்கும் முறையையும் துறைமுகத்தில் விசாரித்து வெளியிடுங்கள். எங்கள் ஊரிலிருந்து இந்த டிசம்பர் விடுமுறைக்கு உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு கிளம்ப இரண்டு குடும்பங்கள் தயாராக இருக்கின்றன, அவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி.