இந்த டேர்ம்ல நம்ம சேவை கிளப், கூடவே போட்டோ பத்தி ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

டேர்ம் முடியப்போகுது, நம்ம இன்ட்ராக்ட் கிளப் பிள்ளைங்க என்னென்ன செஞ்சாங்கன்னு உங்ககிட்ட சொல்லணும்னுதான் எழுதுறேன், கூடவே இன்னொரு விஷயமும் பேச வேண்டியிருக்கு, அதனால வேலைக்கு நடுவுல பாதி படிச்சுட்டு விட்டுடாம முழுசா படிச்சுடுங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வரி. இன்ட்ராக்ட்டுங்கிறது 1962-ல ரோட்டரிங்கிற சர்வதேச சேவைச் சங்கம் ஆரம்பிச்சது, 12 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கானது, வருஷத்துக்கு குறைஞ்சது ரெண்டு வேலை எடுத்துச் செய்யணும், ஒண்ணு ஸ்கூலுக்கோ ஊருக்கோ உதவுறதா இருக்கணும், இன்னொண்ணு மத்த நாட்டு மக்களைப் பத்தின புரிதலை வளர்க்கிறதா இருக்கணும். நம்ம பிள்ளைங்க ரெண்டையும் முடிச்சுட்டாங்க. மீட்டிங் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, சின்ன க்ளாஸ் பிள்ளைங்க கூட எழுந்து பேச ஆரம்பிச்சிருக்காங்க. அக்டோபர் 24 உலக போலியோ தினத்துக்கு உண்டியல் வச்சு கலெக்‌ஷன் பண்ணாங்க, 1988-ல உலகம் பூரா வருஷத்துக்கு 3,50,000 பேருக்கு வந்துட்டு இருந்த நோய் இப்ப 99 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சிருக்குன்னு சார்ட்ல அவங்களே எழுதி மாட்டினாங்க. ரத்ததான முகாம்ல பிள்ளைங்களால ரத்தம் குடுக்க முடியாது, 18 வயசு ஆகணும், ஆனா வந்தவங்களை உட்கார வச்சு, தண்ணி குடுத்து, பேர் எழுதி, குடுத்து முடிச்சவங்க தலை சுத்தாம கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறாங்களான்னு பார்த்துக்கிட்டது எல்லாம் அவங்கதான். மரக்கன்று, பழைய மூக்குக்கண்ணாடி சேகரிப்பு, நோட்டு-பை குடுத்தது, முதியோர் இல்லம் போனது, எல்லாமே நல்லபடியா முடிஞ்சுது. ரொம்ப சந்தோஷம்.

இப்ப நான் பேச வந்த விஷயத்துக்கு வர்றேன்.

முதியோர் இல்லத்துக்குப் போன அன்னைக்கு பிள்ளைங்களோட சில பெற்றோரும் வாலண்டியரா வந்திருந்தீங்க. வந்ததுக்கு நன்றி, அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அங்க நடந்தத பொறுப்பு டீச்சர் வந்து சொன்னப்ப எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு. போர்வைய வாங்கி மடியில வச்சுட்ட ஒரு பாட்டிகிட்டேர்ந்து அதத் திரும்ப வாங்கி, "இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க, போட்டோ சரியா விழல"ன்னு சொல்லி பிள்ளைய மறுபடியும் குடுக்க வச்சிருக்காங்க. பக்கத்துல இருந்த இன்னொருத்தங்க கையால முகத்த மறைச்சுக்கிட்டாங்க, அந்தப் போட்டோவும் அப்படியே ஸ்டேட்டஸ்ல வந்திருக்கு. அப்புறம் அந்த இல்லத்துலேர்ந்து எனக்கு போன் வந்துச்சு. அங்க இருக்குறவங்கள்ல ஒருத்தங்க, தான் அங்க இருக்குறது சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இருந்தவங்க, நம்ம போட்டோ க்ரூப் க்ரூப்பா சுத்தி கடைசியில அவங்க சொந்தத்துல ஒருத்தர் கைக்கே போய் சேர்ந்திருக்கு. போர்வை குடுக்கப் போன இடத்துல ஒருத்தர் வாழ்நாள் பூரா காப்பாத்திட்டு வந்த மானத்துல நாம கை வச்சுட்டு வந்திருக்கோம்.

ரெண்டாவது இன்னும் பக்கத்துல நடந்தது. கிளப் சேர்த்த பணத்துல நோட்டும் பையும் குடுத்தோம் இல்லையா, வாங்கினவங்கள்ல நம்ம ஸ்கூல் பிள்ளைங்களும் இருக்காங்க. யாரு, எந்த க்ளாஸ்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் தயவுசெஞ்சு விசாரிக்காதீங்க. அந்தப் போட்டோ பெற்றோர் க்ரூப்புக்கு வந்துச்சு, பெற்றோர் போன்ல பிள்ளைங்க பார்த்தாங்க, மறுநாள் க்ளாஸ்ல ஒருத்தன் "இது ஃப்ரீயா குடுத்த பைதானே"ன்னு கேட்டுட்டான். கேட்டவன் கெட்ட பையன் இல்ல, பார்த்ததைக் கேட்டான். ஆனா அந்தப் பிள்ளை அன்னையிலேர்ந்து புதுப் பைய வீட்டுலயே வச்சுட்டு, ஜிப் போன பழைய பையோடதான் வருது. எதுக்காக அத்தனை பேர் ஓடி ஓடி கலெக்‌ஷன் பண்ணோமோ அது வீணாப்போச்சு.

யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலன்னு எனக்கு நல்லாவே தெரியும். நம்ம பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்யுதுன்னா நாலு பேருக்குக் காட்டணும்னு தோணத்தான் செய்யும். சில பேர் என்கிட்ட நேர்லயே கேட்டீங்க, போட்டோ போட்டாதானே சார் நன்கொடை குடுத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்னு. நியாயமான கேள்விதான். நன்கொடை குடுத்தவங்களுக்குக் கணக்கு கேக்க முழு உரிமை இருக்கு, ஆனா வாங்கினவங்க முகத்தைப் பார்க்க உரிமை இல்ல. கணக்குக்கு ரசீது இருக்கு, பில் இருக்கு. உண்டியல ரெண்டு பேர் சேர்ந்து பிரிச்சு, எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு அன்னைக்கே ஆஃபீஸ்ல ஒப்படைக்கிறோம், யார் வீட்டுக்கும் பணம் போறதில்ல. வரவு செலவு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, யார் வேணும்னாலும் வந்து பில்லோட ஒத்துப் பார்க்கலாம். சர்டிபிகேட்டுக்கு ப்ரூஃப் வேணும்னும் கேட்டீங்க, அதுக்கும் போட்டோ தேவையில்ல, யார் எத்தன மணி நேரம் வேலை செஞ்சாங்கன்னு லாக் புக்ல எழுதி டீச்சர் கையெழுத்து போடுறாங்க, அது போதும்.

"நாங்க கேட்டுட்டுதான் எடுத்தோம்"னும் ஒரு பதில் வருது. கையை நீட்டி ஒரு பொருள வாங்குற நேரத்துல போட்டோ எடுக்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னு எப்படிச் சொல்லுவாங்க? சொன்னா குடுக்க மாட்டாங்களோன்னு பயம் இருக்கும், இல்லன்னா மரியாதைக்காக சும்மா இருப்பாங்க. கேக்குறதுன்னா முன்னாடியே, தனியா, குடுக்கப் போற ஆள் இல்லாம வேற ஒருத்தர் கேக்கணும், வேண்டாம்னு சொன்னாலும் உதவி அப்படியே கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியணும். குழந்தைன்னா பெத்தவங்ககிட்டயும் கேக்கணும், அந்தக் குழந்தைகிட்டயும் கேக்கணும். 1989-ல ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையில 16-வது பிரிவு குழந்தைங்களோட அந்தரங்கத்தப் பாதுகாக்கத்தான் இருக்கு. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிரும்னு சொல்றீங்க, யாராவது எடுத்த ஸ்கிரீன்ஷாட் போகாது.

அதனால அடுத்த டேர்ம்லேர்ந்து இத நான் வேண்டுகோளா இல்லாம விதியாவே சொல்றேன். சேவைக்குப் போற இடத்துல மாணவர்கள் கையில போன் இருக்காது, வாலண்டியரா வர்ற பெற்றோரும் போனை வெளிய எடுக்கக் கூடாது, அவசர கால் வந்தா வெளியில போய் பேசிட்டு வாங்க. போட்டோ பொறுப்பு டீச்சர் மட்டும்தான் எடுப்பாங்க, பிள்ளைங்க பெட்டி கட்டுறது, பெருக்குறது, குழி தோண்டுறது மாதிரி வேலை செய்யுறதத்தான் டீச்சர் எடுப்பாங்க, வாங்குறவங்க முகம் வராது. மீறினா அந்தப் பெற்றோர் அடுத்த தடவ வர முடியாது. பிள்ளைய நிறுத்த மாட்டேன், பெத்தவங்க செஞ்சதுக்குப் பிள்ளைய தண்டிக்கிறது எனக்குச் சரியாப் படல. ஆனா இதுல யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, எவ்வளவு நன்கொடை குடுத்தவங்களா இருந்தாலும் சரி.

ஏற்கனவே போட்ட போட்டோவையும் பார்த்து அழிச்சுடுங்க. க்ரூப்ல இருக்குறது, உங்க போன் கேலரியில இருக்குறது, சொந்தக்காரங்களுக்கு அனுப்பினது, எல்லாத்தையும். யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு டெலிட் பண்ணச் சொல்லுங்க. வீட்டுல பிள்ளைகிட்டயும் பேசுங்க, ஏன் அழிக்கிறோம்னு காரணத்தோட சொல்லுங்க, நீங்க சொன்னா அவங்களுக்கு எங்களவிட நல்லாப் புரியும்.

கொஞ்சம் கடுமையா எழுதிட்டேன்னு நினைக்காதீங்க. இந்த கிளப் நடக்குறதே உங்களாலதான். லீவு நாள்ல காலையிலேயே வண்டி எடுத்துட்டு வந்தவங்க, பெட்டி தூக்கினவங்க, முகாம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் இருந்து நாற்காலி மடக்கி வச்சுட்டுப் போனவங்க, பேர் போட வேண்டாம்னு சொல்லி கவர் குடுத்தவங்க, உங்க எல்லாருக்கும் ஸ்கூல் சார்பா மனமார்ந்த நன்றி. விஷயம் தெரிஞ்ச உடனே யாரும் சொல்லாமலே போட்டோவ அழிச்சுட்டு எனக்கு போன் பண்ணவங்களுக்குத் தனியா நன்றி. ஏதாவது கேக்கணும்னா ஸ்கூல் விட்டப்புறம் ஆஃபீஸ்ல இருப்பேன், தாராளமா வாங்க. அடுத்த கிளப் மீட்டிங் தேதிய பிள்ளைங்க டைரியில எழுதி அனுப்புறோம், பார்த்து கையெழுத்து போட்டு அனுப்புங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்