சர்க்கரை உள்ளவர்களுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி வட்டத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அமைப்பாளர் என்றாலும், சமையலர் வராத நாளில் நானே அடுப்படியில் நின்று 140 பிள்ளைகளுக்குச் சோறு வடித்திருக்கிறேன். இத்தனை வருஷம் சமைத்தும், சர்க்கரை வந்த ஒருவருக்கு எப்படிச் சமைத்துப் போடுவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு வலது கால் சுண்டுவிரலை எடுத்த பிறகுதான் அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். மற்ற வீடுகளில் அவ்வளவு தூரம் போக விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் சொன்னது ஒரே வரி: "சோத்தைக் குறைங்க, ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்க." நானும் அப்படியே செய்தேன். ராத்திரி ஐந்து சப்பாத்தி, எண்ணெய் விட்டுச் சுட்டு, உருளைக்கிழங்கு குருமாவோடு. மருந்து கொடுக்கிற நினைப்பில்தான் பரிமாறினேன். சர்க்கரை இறங்கவே இல்லை. அவர் திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிடுகிறார் என்று நான் சண்டை போட்டேன். பாவம், அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அப்புறம் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் தவிர்க்க வேண்டியவை, மறுபக்கம் சேர்க்க வேண்டியவை. சேர்க்க வேண்டியதில் ஓட்ஸ், பிரக்கோலி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் இருந்தன. எங்கள் ஊர்க் கடையில் அவை கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது ரேஷன் அரிசி, ரேஷன் துவரம்பருப்பு, ரேஷன் பாமாயில், கொல்லையில் முருங்கை, வாழை, சுவரில் படர்ந்த அவரை. இவற்றை வைத்து என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை.

ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு என்று அதில் இருந்தது. அதாவது எங்கள் தெருவில் ஏழு பேரை நிற்க வைத்தால் ஒருவர். வீடு தேடி வந்து மருந்து கொடுக்கிற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இப்போது எங்கள் தெருவுக்கும் தன்னார்வலர் வருகிறார், பி.பி. பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மாத்திரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அடுப்படி வரைக்கும் யாரும் வரவில்லை.

போன மாசியில் என் வீட்டுக் கொல்லையில் நாலு ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்களை உட்கார வைத்துச் சமைத்துப் பார்த்தேன். முதல் நாள் செய்தது இவ்வளவுதான். வீட்டில் வழக்கமாகத் தட்டில் போடுகிற அளவுக்குச் சோறு போடச் சொன்னேன். பிறகு அதை 200 மில்லி கப்பால் அளந்தோம். ஒரு தட்டில் நாலரை கப் இருந்தது. அந்த அம்மா, "நான் கொஞ்சமாத்தான் அக்கா போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டவர். பொய் சொல்லவில்லை. நமக்கு எல்லாம் கண்ணளவு, கையளவு. பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம்தான்.

பக்கத்து வீட்டு அம்மா தினமும் காலையில் பெரிய சொம்பில் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பார். சிறுதானியம்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைத்திருந்தார். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை 286. நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கோதுமையும் கேழ்வரகும் 65, 70 பக்கத்தில் இருக்கின்றன. நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் வயிற்றில் இறங்கிய வேகத்தில் அது சர்க்கரையாகிவிடுகிறது. மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படித்தான். பாரம்பரிய நெல் எங்கள் மாவட்டத்துக்குப் பெருமை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழாவே நடத்தி அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்காகத் தட்டு நிறையச் சாப்பிட்டால் அதுவும் சோறுதான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் சர்க்கரையை ஏற்றாது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அவையும் ஏற்றும்.

கஞ்சி குடித்த அந்த அம்மாவுக்குப் பச்சைப்பயறு அடை சொல்லிக் கொடுத்தேன். அரை ஆழாக்கு அரிசிக்கு ஒன்றரை ஆழாக்கு முழுப் பயறு, ராத்திரியே ஊறவைத்து, இஞ்சி, மிளகாய், சீரகத்தோடு கொரகொரப்பாக அரைத்து, ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரை போட வேண்டும். புளிக்க வைக்க வேண்டாம். கல்லில் எண்ணெயை ஊற்றாமல் துணியால் தடவி, மூடி போட்டு வேகவிட வேண்டும். இரண்டு அடை, கறிவேப்பிலைத் துவையல். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 178. பசிக்கவும் இல்லை என்றார். பயறில் அரிசியைப் போல மூன்று மடங்கு புரதம் இருக்கிறது, பசி தாங்கும். இந்தப் பயறு வெளியூர்ச் சரக்கும் இல்லை. தையில் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். எடுத்ததும் மூட்டையோடு வியாபாரிக்குப் போய்விடுகிறது, வீட்டில் ஒரு மரக்கால் தங்குவதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

வகுப்பு நடத்தினால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் முக்கியம். சர்க்கரை ஒருவருக்கு இருக்கும், கரண்டி இன்னொருவர் கையில் இருக்கும். டாக்டர் ஆம்பளையிடம் சொல்லி அனுப்புவார். அவர் வீட்டுக்கு வந்து, "சோத்தைக் குறைக்கச் சொன்னாங்க" என்பார், அத்தோடு சரி. மாமியாருக்கு நோய், மருமகள் சமைக்கிறாள், ஒரே உலையில் ஆறு பேருக்குச் சோறு வேக வேண்டும். தனிச் சமையல் செய்ய அவளுக்கு நேரமும் கிடையாது, காசும் கிடையாது. ஆகவே நோயாளியும் சமைக்கிறவரும் சேர்ந்தே வர வேண்டும். சொல்லிக்கொடுப்பதும் வீட்டில் எல்லோரும் சாப்பிடக்கூடிய சமையலாக இருக்க வேண்டும். புடலங்காய்க் கூட்டு, வாழைத்தண்டுப் பொரியல், கொத்தவரங்காய், மீனைப் பொரிக்காமல் குழம்பாக. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக் காலில் பருப்போ முட்டையோ மீனோ. குழந்தைகளுக்கும் அதுதான் நல்லது. அவர்களுக்குச் சோறு இரண்டு கரண்டி கூடப் போட்டால் போதும்.

மனைவியை இழந்த ஆண்களையும் தேடிப்போய் அழைக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி இருவர். ஒருவருக்கு அரிசி களையக்கூடத் தெரியாது. மூன்று வேளையும் கடையில் பரோட்டாவும் இட்லியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். இன்னொருவர் பயத்தில் சாப்பாட்டையே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வாய்க்கால் கரையில் வியர்த்து மயங்கி விழுந்தார். தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடுவது என்றால் என்ன, அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சமையல் வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நான் தனியாக நடத்தப் பயந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த ஏழு பேரில் ஒருவருக்கு கிட்னி பாதித்திருந்தது. அவருக்குப் பருப்பும் கீரையும் டாக்டர் சொன்ன அளவுதான். அது தெரியாமல் எல்லோருக்கும் போல அவருக்கும் தட்டு நிறைய வைக்கப் பார்த்தேன், அவரே சொன்னதால் நிறுத்தினேன். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடம் இருக்கிறது. அடுப்பு, பாத்திரம், தண்ணீர் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அது பூட்டிக் கிடக்கிறது. மாதம் இரண்டு சனிக்கிழமை திறந்துவிட்டால் போதும். வீடு வீடாகப் போகிற தன்னார்வலருக்கு எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று தெரியும், அவரே அழைப்பு சொல்லிவிடலாம். கற்றுக்கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். எங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். பள்ளி வேலை நாளில் இதைத் தொடவே கூடாது, பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட இடைஞ்சல் வரக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

வருகிற மே 1 கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊருக்காக இந்த மனுவைக் கொடுக்கப் போகிறேன். அந்த ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் நாளிதழில் இது வெளிவந்தால் மற்ற ஊர்களிலும் யாராவது அன்றைக்கு இதைக் கேட்பார்கள். முதல் வகுப்புக்குப் பயறு என் வயலில் விளைந்தது, இரண்டு மரக்கால் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அளவு கப்பும் என்னிடமே இருக்கிறது. கூடத்தின் சாவி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.