சாவி தந்த அம்மாவுக்கு

மகள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. பக்கத்து அறையில் தூங்குகிறாள். இதை எழுத உட்கார்ந்த பிறகே மூன்று முறை எழுந்துபோய் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

வார்டு செவிலியர்கள், மருத்துவர்கள், டப்பாவில் ரசம் சாதம் கொண்டுவந்த தோழிகள், பெரியவனைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்த பக்கத்து வீட்டார், ஊரிலிருந்து தினமும் பேசிய அத்தை, எல்லாருக்கும் என் கும்பிடு.

இனி அந்தச் சாவி.

சிகிச்சை நடக்கும்போது என்னை வெளியே போய்வரச் சொல்வார்கள். கால் போன போக்கில் நடந்தால் லண்டனின் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் வாசல் வரும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1739இல் தாமஸ் கோரம் தொடங்கிய இல்லம் இருந்த இடம். இப்போது பிள்ளைகள் விளையாடும் திடல். குழந்தையோடு வந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி என்று பலகை இருக்கும். நியாயமான விதிதான். ஆனால் அன்று அந்தப் பலகை முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

அதை ஒட்டியே மெக்லன்பர்க் சதுக்கம். அந்த இல்லத்தின் நிலத்தில் எழுந்தது. மூன்றாம் ஜார்ஜின் ராணி சார்லட் பிறந்த நாட்டின் பெயர் அதற்கு. நடுவிலிருக்கும் தோட்டம் பூட்டியே இருக்கும், சாவி உள்ளவர்கள் மட்டும் போகலாம். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருக்கும் பிளேன் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புகை படிந்த பட்டையைத் தானே உரித்துப் போட்டுவிட்டு லண்டனில் பிழைத்துக்கொண்ட மரங்கள்.

மூன்று நாள் இதைக் கவனித்திருக்கிறார் அங்கே குடியிருக்கும் ஒரு வயதான அம்மா. நாலாம் நாள் அருகில் வந்து, மருத்துவமனையா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் ஓர் உறையில் சாவி. "தோட்டக் குழுவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை வைத்துக்கொள்ளுங்கள்."

வீட்டுக்குப் போகும்வரை! அந்த வாரத்தில் அந்தச் சொல்லை யாருமே சொல்லவில்லை. மருத்துவர்கள் சொல்லவில்லை, நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அந்த மரத்தடியில்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். அப்புறம் தினமும் ஒரே மரத்தைப் படமெடுத்து மகளுக்குக் காட்டுவேன். பட்டை உரிந்த இடங்களில் யானையும் ஒட்டகமும் கண்டுபிடிப்பாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க மகளையும் கூட்டிப்போனேன். அந்த அம்மா அதை வாங்கி அவள் கையில் வைத்து, நீயே திற என்றார். இரண்டு கையாலும் திருகித் திறந்து, நேரே அந்த மரத்திடம் போய் யானையைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மா, உங்களிடம் அன்று நன்றி என்ற சொல்கூட எனக்குச் சரியாக வரவில்லை. அதனால்தான் இந்த மடல். உடம்பு கொஞ்சம் தேறட்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் வாசலுக்குப் போவேன். இந்த முறை அவள் என்னை உள்ளே கூட்டிப்போவாள்.